எனக்கும் திக்கும், அருண்

அருண்,

இதை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்ல வந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. மாசி மாதம் பக்கவாதம் வந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அப்பாவுக்குப் பேச்சு திக்குகிறதே என்று நீ பதறிப்போனாய். உன் அம்மாவிடம் தனியாகப் போய் அழுதாய் என்றும் கேள்விப்பட்டேன். அந்தத் திக்கல் பக்கவாதத்தால் வந்ததில்லை அருண். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிறது. உனக்கு இருப்பது போலவே. அதை மறைத்து வைக்கிற சாமர்த்தியம் ஒன்று என்னிடம் இருந்தது. பக்கவாதம் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எப்படி மறைத்தேன் என்று கேட்பாய். வராத வார்த்தை வரப்போகிறது என்பது இரண்டு வார்த்தைக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். உடனே பாதை மாற்றிவிடுவேன். 'பால்' வராது என்றால் 'அந்தப் பாக்கெட்' என்பேன், அந்தப் 'பா'வும் வராது போலிருந்தால் விரலைக் காட்டுவேன். என் பெயரே 'ப'வில் தொடங்குகிறது, அதை நான் வாய்விட்டுச் சொன்னது அபூர்வம். யாராவது பெயர் கேட்டால் தொழிற்சாலை அடையாள அட்டையை நீட்டுவேன், ஏதோ கம்பீரமான பழக்கம் போல. உன் அம்மா பெயரையும் சொல்ல வராது. நம் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியை 'இந்தா' என்று கூப்பிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, தப்பித்தேன். எல்லோரும் என்னை அளந்து பேசுகிற மனிதன் என்றார்கள். அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை.

சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு பால்பண்ணை ஸ்டாப்பில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போவோமே, ஞாபகம் இருக்கிறதா? திருவெறும்பூரில் பஸ் ஏறி அரியமங்கலத்துக்கு டிக்கெட் எடுப்பேன். பால்பண்ணைக்கு முன்னால் அங்கேயே இறங்கி, லாரி தூசியில், வெயிலில் நடப்போம். "ஏம்பா இங்கயே இறங்கறோம்?" என்று கேட்பாய். "நடந்தா உடம்புக்கு நல்லதுடா" என்பேன். கண்டக்டரிடம் 'பால்பண்ணை' என்று சொல்ல எனக்கு வராது, அதனால்தான் உன்னை நடக்கவைத்தேன். 'அ' எனக்குப் பக்கவாதம் வரும்வரை தடையில்லாமல் வந்த எழுத்து. உன் பெயரும் அப்படித்தான் வந்தது. உன் அம்மாவுக்கு உனக்குக் கார்த்திக் என்று வைக்க ஆசை. 'அ'வில் வைக்கவேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார் என்று ஒரு பொய் சொன்னேன். நான் எந்த ஜோசியரையும் பார்க்கவில்லை. என் பிள்ளையை நாலு பேர் முன்னால் நான் தடுமாறாமல் கூப்பிடவேண்டும் என்று நினைத்தேன். உனக்கு எந்த எழுத்து வரும், எது வராது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

உனக்கு எட்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரிவு அதிகாரி மனைவியோடு குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துக்கொண்டே உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார். நீ "அ... அ... அ..." என்றாய். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய், வலது காலைத் தரையில் உதைத்தாய். எனக்கு வழுக்கிக்கொண்டு வருகிற எழுத்து உன் தொண்டையில் கல்லாக நின்றது. அவர் நல்ல மனிதர். "அவசரமில்லப்பா, மெதுவா சொல்லு" என்றார். நான் குறுக்கே விழுந்து, "அருண் சார், இவன் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றேன். அவர்கள் கிளம்பிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு உன்னை அறைந்தேன். "வேணும்னே பண்றியாடா?" என்று கேட்டேன். உன் அம்மா ஓடிவந்து உன்னை இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்று எவனும் அப்படிச் செய்யமாட்டான் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு காலை உதைத்த அந்தப் பையனிடம் நான் என்னைப் பார்த்துவிட்டேன். அறைந்தது அந்த என்னை. கன்னம் மட்டும் உன்னுடையது.

அதற்குப் பிறகு வெளி ஆட்கள் வந்தால் நீ உள் அறைக்குப் போய்விடுவாய். அதை அடக்கம் என்று சொல்லிக்கொண்டேன். உன் நாக்கில் வசம்பு தேய்த்தேன். வேண்டுதல் வைத்தேன். ஏழாம் வகுப்பில் உனக்குத் தமிழ் எடுத்த டீச்சர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "சார், உங்க பையன் நேத்து தானா கையத் தூக்கி, நான் வாசிக்கிறேன் டீச்சர்னு எழுந்தான். ஒரு பாரா வாசிக்க நேரமாச்சு, ஆனா முடிச்சான். திக்கினா திக்கட்டும் சார், நாங்க கேட்போம். பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்க ஒருத்தர எனக்குத் தெரியும், அவங்களையும் பாருங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் பையனுக்கு ஒண்ணும் இல்ல. இனிமே அவன வாசிக்கச் சொல்லாதீங்க" என்றேன். தலைமை ஆசிரியரிடமும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்புறம் நீ கையைத் தூக்கினாலும் உன்னைத் தாண்டி அடுத்த பையனிடம் போனார்கள். கொஞ்ச நாளில் நீ தூக்குவதையும் விட்டுவிட்டாய். உன்னைக் காப்பாற்றியதாக அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதே வருடம்தான் உனக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தேன். "வராத வார்த்தைய விட்டுட்டு வேற வார்த்தை போடு, யாருக்கும் தெரியாது. கூட வேலை செய்யற ஒருத்தர் சொன்னார்" என்றேன். நீ கெட்டிக்காரன், சீக்கிரம் பிடித்துக்கொண்டாய். அதற்கு என்ன விலை என்று நான் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், சொல்ல வருவதை மட்டும் சொல்லி வாழ்ந்தால், கொஞ்ச காலத்தில் நாம் என்ன நினைத்தோம் என்பதே மறந்துபோகும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. போர்மேன் பதவி வந்தபோது வேண்டாம் என்றேன். காலையில் எல்லோர் முன்னாலும் பாதுகாப்பு அறிவிப்பு படிக்கவேண்டும் என்பதுதான் காரணம். அம்மாவிடம் அங்கே அரசியல் என்று சொன்னேன். திக்குகிறவனை யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை சரிதானா என்று ஒருநாள், ஒரு ஆளிடமாவது சோதித்துப் பார்த்திருக்கலாம். தொழிற்சாலையில் வெல்டிங் வைத்த ஒவ்வொரு இணைப்பையும் சோதனை போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவோம். என் வாழ்க்கையைத் தாங்கி நின்ற இந்த ஒன்றைச் சோதிக்காமலே உன் கையில் கொடுத்துவிட்டேன்.

போன வருடம் ஸ்ரீரங்கத்தில் நித்யாவைப் பெண் பார்க்கப் போனோம். ஆட்டோவில் போகும்போது உன்னிடம், "நீ தலையாட்டினா போதும், நான் பேசிக்கிறேன்" என்றேன். அவள் அப்பா சித்திரை வீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், சாதாரணமாகத்தான் கேட்டார், "தம்பிக்கு வேலை எப்படிப் போகுது?" என்று. "தொண்டை கட்டியிருக்குங்க அவனுக்கு" என்று நான் முந்திக்கொண்டேன். அப்புறம் ஒரு மாதம் நீயும் அவளும் மெசேஜில் பேசிக்கொண்டீர்கள். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது தனியாகச் சிரிப்பாய். ஒருநாள் போனை என்னிடம் நீட்டினாய். உனக்குத் திக்கும் என்பதை அவளுக்கு எழுதி வைத்திருந்தாய், நீளமாக, அழகாக. அனுப்பலாமா என்று கண்ணால் கேட்டாய். "தாலி கட்டினப்புறம் சொல்லிக்கலாம், இப்ப எதுக்கு?" என்றேன். நீ அழித்துவிட்டாய். இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, நான் சொன்னதற்காக அதை அழித்தாய்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது நித்யாவும் அவள் அப்பாவும் பத்திரிகை மாதிரியோடு வந்தார்கள். நித்யா உன்னைப் பார்த்து, "பேர் தமிழ்லயே இருக்கட்டுமா, உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?" என்றாள். உனக்கு வரவில்லை. "தமிழ்லயே இருக்கட்டும்மா" என்றேன் நான். அவள் என் பக்கம் திரும்பி, "அங்கிள், நான் அவரைத்தான் கேட்டேன்" என்றாள். நீ முயன்றாய். நான் மறுபடியும், "தொண்டை..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்கும் தொண்டை, இன்னைக்கும் தொண்டையா?" என்றாள் அவள்.

அப்போது நீ நிமிர்ந்து உட்கார்ந்து, "எ... எ... எனக்குத் திக்கும்" என்றாய். அவள் முகத்தில் அருவருப்பு வருகிறதா என்று நான் பார்த்தேன். வரவில்லை அருண். வலி வந்தது. "அதுக்கென்ன? இதை ஏன் சொல்லல? எவ்வளவு பேசியிருக்கோம். யாரு மறைக்கச் சொன்னா உங்கள?" என்று கேட்டாள். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவளிடம், "யா... யாரும் இல்ல. நா... நான்தான் மறைச்சேன்" என்றாய். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை. 'நான்' என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது எனக்குத் திக்காத வார்த்தையும்கூட. சொல்லவில்லை. அவள் அப்பா எழுந்து, "பையன் திக்கறதுக்காக இல்லைங்க, எங்ககிட்ட பொய் சொன்னதுக்காக" என்றார். பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அரியமங்கலத்துப் பட்டறையில் பார்த்துவந்த வரைபட வேலையை விட்டுவிட்டு ஓசூரில் ஒரு கிடங்கில் சேர்ந்தாய். "அங்க பேசவே வேண்டாம்மா" என்று அம்மாவிடம் சொன்னாயாம். பெட்டிகளில் எண் சரிபார்க்கிற வேலை.

அப்புறம் மாசி. நீ செய்தி கேட்டு ஓடிவந்தாய், என் கட்டிலுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். டாக்டர் வந்து, "அய்யா, முன்னாடி எப்பவாவது பேச்சு திக்கினதுண்டா? தெரிஞ்சா வைத்தியத்துக்கு உதவும்" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "எ... எனக்கு உண்டு டாக்டர். அ... அப்பாவுக்கு இல்ல." நர்ஸ் இருந்தார், பக்கத்துக் கட்டில்காரர்கள் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும், எனக்கு உதவும் என்பதற்காக, நீ வெட்கப்படாமல் திக்கினாய். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

உதடு கோணி, கை விழுந்து, இனிமேல் இழக்க மரியாதை என்று எதுவும் மிச்சமில்லாமல் கிடந்தேன். அப்போதும் ஆட்டினேன். நீ நம்பிவிட்டாய். இரண்டு நாள் கழித்து, "பயிற்சி ப... பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனாய்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நானாகச் சொல்லும் தைரியம் வந்து சொல்லவில்லை. அதையும் மறைக்கக்கூடாது. மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்த உன் அத்தை இரண்டு வாரம் முன்பு என்னைப் பார்க்க வந்தாள். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, "சின்னப் பிள்ளையில இப்படித்தான் திக்குவான், திரும்ப வந்துடுச்சே" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். இத்தனை வருடம் நான் கேட்டுக்கொண்டதற்காக வாயை மூடியிருந்தவள், வருத்தத்தில் மறந்துபோய்ச் சொல்லிவிட்டாள். அம்மா அவளை வழியனுப்பிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்ப புள்ளைய ஏன் அடிச்சீங்க?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்பது போலக் கேட்டாள். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், திக்கியது, அவள் நின்றுகொண்டே இருந்தாள், அப்புறம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று தெரிந்து நிறுத்தினேன். "இதை அவன்கிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள். சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். பேச்சு அவ்வளவுதான்.

உனக்கு எழுதுமுன் ஒன்றையாவது சரிசெய்துவிட்டு எழுதலாம் என்று போன வெள்ளிக்கிழமை நான் தனியாக ஸ்ரீரங்கம் போனேன். சத்திரம் பஸ் நிலையத்தில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "ஸ்... ஸ்... ஸ்..." என்று நின்றுவிட்டேன். மாற்று வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை, மூளை அவ்வளவு வேகமாக இப்போது ஓடுவதில்லை. பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து நின்றார். சொன்னேன். கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது.

நித்யாவின் அப்பா கடையில் ஒரு அண்டாவை எடைபோட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனாலும், "வாங்க, உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். "ம... ம... ம... மறைச்சது பையன் இல்லைங்க. நான். அ... அவன் எழுதினத அனுப்ப விடாம நான்தான்... எனக்கும் தி... திக்கும்" என்றேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவர் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு, வாடிக்கையாளரை இருக்கச்சொல்லிவிட்டு, நான் முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "பொண்ணுக்குப் போன மாசம் கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்றார்.

"அ... அருண் பொய் சொல்லலன்னு மட்டும் அவகிட்ட..."

"வேண்டாங்க. புது இடத்துல இருக்கா. இப்ப எதுக்கு இதெல்லாம்? நான் சொல்லமாட்டேன், தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அவள் வாழ்நாள் முழுக்க நீதான் அவளை ஏமாற்றினாய் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். அதை மாற்ற இனி வழியில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, இதை எத்தனை தடவை எத்தனை இடத்தில் சொல்லியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பேச்சுப் பயிற்சிக்குப் போ, நல்ல வேலைக்குத் திரும்பு என்றெல்லாம் எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். உனக்குத் திக்குவது உன் தவறால் வந்ததில்லை. நான் வளர்த்த விதத்தாலும் வரவில்லை, பொதுவாகக் குடும்பத்தில் ஓடுகிற சமாசாரம் என்கிறார் டாக்டர். கண்ணின் நிறம் போல அது உன்னோடு இருக்கும், ஒருவேளை கடைசிவரை இருக்கும். அது வெட்கப்படவேண்டியது என்ற எண்ணம்தான் என்னிடமிருந்து வந்தது. அதை நீயாகக் கண்டுபிடிக்கவில்லை. உனக்கு எட்டு வயதாகும்போது நான் அதை உன் கன்னத்தில் எழுதினேன். பன்னிரண்டு வயதில் கையைத் தூக்கிய பையன்தான் உண்மையில் நீ. டாக்டரிடம் வாய் திறந்த ஆளும் நீதான். நடுவில் இருப்பதெல்லாம் நான்.

இதைப் படித்தபின் நீ பேசாமலே இருந்தாலும் எனக்குப் புரியும். அம்மாவுக்கு மட்டும் அடிக்கடி போன் செய். எனக்கு நீ ஒன்றும் எழுதவேண்டாம். மன்னிப்பு கேட்கக்கூட எனக்குத் துணிவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவாய், உன்னைத் தெரியும் எனக்கு.

மனிதர்கள் காத்திருப்பார்கள், அருண். எல்லோரும் இல்லை, சிலர் சிரிப்பார்கள், சிலர் நமக்காக வாக்கியத்தை முடித்துவைப்பார்கள், நான் செய்தது போல. ஆனால் ஒரு கண்டக்டர் நின்றார், நம்மீது கோபமாக இருந்த ஒருவர் அண்டாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். இது எனக்குத் தெரியவர அறுபத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. உனக்கு முப்பதுதான் ஆகிறது, காலம் இருக்கிறது என்று எழுதலாமென்று இந்த வரியை ஆரம்பித்தேன். அந்த முப்பதில் இருபத்திரண்டை எடுத்துக்கொண்டவன் அதை எப்படி எழுதுவது?

அப்பா